இருபத்தைந்தில் ஒரு பங்கு வெளிச்சம்!

ஆலையின் தகரக் கூரை நடுப்பகலில் எப்படிக் கொதிக்கும் என்பதை நமது தோழர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலை இருபத்தைந்து பங்காகப் பிரித்து, இருபத்து நான்கை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, மிச்சமுள்ள ஒரே ஒரு பங்கைக் கையில் கொடுத்து, "இதைக் கொண்டு ஓர் இயந்திரத்தை ஓட்டு! ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில் ஓட்டு! பழுதுபட்டால் போய்ப் பார்க்க ஆள் கிடையாது; மாற்றிப் போட உதிரிப் பாகமும் கிடையாது!" என்று சொன்னால், எந்த மெக்கானிக்காவது தலையாட்டுவாரா?

தலையாட்டினார்கள், தோழர்களே! தலையாட்டியதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார்கள்.

அந்த இயந்திரத்தின் பெயர் ஜூனோ. அனுப்பியது நாசா எனும் அமெரிக்க விண்வெளி நிறுவனம். புறப்பட்டது 2011 ஆகஸ்ட் 5. போய்ச் சேர்ந்தது, அந்நாட்டு நாட்கணக்கின்படி, 2016 ஜூலை 4. இடையே கடந்த வழித் தொலைவு ஏறத்தாழ 280 கோடி கிலோ மீட்டர்! எதற்காக இவ்வளவு தொலைவு? கோள்களிலெல்லாம் பெரிய கோளான வியாழனின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டறிவதற்காக.

அந்தக் கதையை இன்று நாம் எடுத்துப் பேசக் காரணம் உண்டு. ஓடிக்கொண்டிருந்த அந்த இயந்திரத்தை நிறுத்திவிடலாம் என்று 2025இல் ஒரு யோசனை எழுந்தது. வியாழனின் நிழலிலிருந்தே தப்பித்த ஒரு கலத்தின்மீது, வரவுசெலவுப் புத்தகத்தின் நிழல் விழுந்தது! அது முறையா, அல்லவா என்று தீர்ப்புக் கூறுமுன், அந்தக் கலம் செய்த வேலை என்ன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையின் மதிப்பை எடைபோட, வேலை செய்பவரைவிடத் தகுதியுடையவர் யார்?

வியாழன் யார்?

வியாழன் நமக்குப் புதியவர் அல்லர். வாரத்தில் ஒரு நாளை அவர் பெயராலேயே அழைக்கிறோம். 'குருப் பெயர்ச்சி' வந்துவிட்டது என்று கூறி, உழைத்த காசைக் கொண்டுபோய் ஜோதிடரிடம் கொட்டுகிறவர்களும் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறார்கள்.

உண்மையில் பெயர்ச்சி என்றால் என்ன? சூரியனை ஒரு முறை சுற்றிவர வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. வானத்தைப் பன்னிரண்டு வீடாகப் பிரித்து வைத்தார்கள். ஆகவே, ஆண்டுக்கு ஒரு வீடு தாண்டுவதுபோல் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வளவுதான்! அந்தக் கோள் யாருடைய வீட்டுத் திருமணத்தையும் முடித்து வைத்ததில்லை. எந்த முதலாளியின் மனத்தையும் இளக்கிக் கூலி உயர்வு வாங்கித் தந்ததுமில்லை.

ஆனால், வியாழன் மனிதனுக்கு ஓர் உதவி செய்ததுண்டு. 1610 ஜனவரியில் இத்தாலி நாட்டுக் கலிலியோ, தன் கையால் செய்த தொலைநோக்கியை வியாழனை நோக்கித் திருப்பினார். பக்கத்திலே சிறு சிறு ஒளிப் புள்ளிகள். இரவுக்கு இரவு அவை இடம் மாறின. எண்ணிப் பார்த்தார், நான்கு! அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள் என்று கண்டார். வானத்திலுள்ள அத்தனையும் பூமியைத்தான் சுற்றுகின்றன என்று அதுவரை அடித்துப் பேசியவர்களின் வாதம் ஆட்டம் கண்டது. சும்மா விடுவார்களா? 1633இல் மத விசாரணை மன்றம் அவரை மண்டியிட வைத்தது. எஞ்சிய வாழ்நாளை வீட்டுச் சிறையிலே கழிக்க வைத்தது. அந்தக் கலிலியோவின் உருவத்தை ஒரு சிறு அலுமினியப் பொம்மையாகச் செய்து, கையிலே தொலைநோக்கியும் கொடுத்து, ஜூனோவில் ஏற்றி அனுப்பினார்கள். உயிரோடிருந்தபோது வீட்டு வாசலைத் தாண்ட விடப்படாதவர், வியாழனுக்கே பயணம் போனார்!

அந்தக் கோளின் அளவைக் கேளுங்கள். குறுக்களவு பூமியைப்போல் 11 மடங்கு. எடை பூமியைப்போல் ஏறத்தாழ 318 மடங்கு. மற்ற எல்லாக் கோள்களையும் தராசின் ஒரு தட்டிலும் வியாழனை மறு தட்டிலும் வைத்தால், வியாழனின் தட்டே இரண்டரை மடங்கு கனக்கும். இத்தனை பெரிய உடம்பு தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள 10 மணி நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. காலூன்ற மண்ணில்லை, மேலே பார்ப்பதெல்லாம் மேகம், உள்ளே போகப் போக ஹைட்ரஜன், ஹீலியம்.

சூரியன் பிறந்தபோது மிஞ்சிய பொருளில் பெரும் பங்கை வாரிச் சுருட்டிக்கொண்டது வியாழன்தான். அந்த மிச்சத்தில் மிச்சம்தான் நமது பூமி. ஆகவே, வியாழனின் உள்ளே இருப்பதை அறிந்தால், நாம் குடியிருக்கும் பூமி பிறந்த கதையும் தெளிவாகும். ஜூனோ சென்றது வேடிக்கை பார்க்க அல்ல. நம் பூமியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ள!

அணுவா, ஆதவனா?

வியாழனுக்கு முதன்முதலாகச் சென்ற கலமல்ல ஜூனோ. 1973இல் பயனியர் 10, அடுத்த ஆண்டு பயனியர் 11, 1979இல் வாயேஜர் கலங்கள் இரண்டும் அருகே சென்று கடந்து போயின. 1995 முதல் 2003 வரை கலிலியோ எனும் பெயருடைய கலம் வியாழனைச் சுற்றிவந்தது. இவை அத்தனைக்கும் மின்சாரம் தந்தது எது? புளுட்டோனியம்! அது சிதையும்போது வெளிவரும் வெப்பத்தை மின்சாரமாக்கிக்கொண்டுதான் அவை ஓடின.

ஏன் சூரிய ஒளியைக் கொண்டு ஓட்டவில்லை? சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப்போல் ஐந்து மடங்கிற்கும் மேலான தொலைவில் இருக்கிறது வியாழன். தொலைவு ஐந்து மடங்கானால் ஒளி ஐந்தில் ஒன்றாகக் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்தை ஐந்தால் பெருக்கி, இருபத்தைந்தில் ஒன்றாகக் குறையும். "அங்கே சூரிய ஒளி உதவாது, அணு ஒன்றுதான் வழி" என்பதே நெடுங்காலமாக நடைமுறையாக இருந்தது.

ஆனால், அந்தப் புளுட்டோனியம் சந்தையில் வாங்குகிற சரக்கா? அணு உலையிலே சிறுகச் சிறுகச் செய்ய வேண்டியது. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1988இல் நின்றது. கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. பிறகு ரஷ்யாவிடமிருந்தும் விலைக்கு வாங்கினார்கள். இந்த நிலையில்தான், 2005இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூனோ திட்டம் அணுவைக் கேட்கவில்லை, ஆதவனைக் கேட்டது. ஸ்காட் போல்டன் எனும் விஞ்ஞானி தலைமையில் திட்டம் வகுக்கப்பட்டது.

மூன்று இறக்கைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 மீட்டர் நீளம். மூன்றிலுமாகச் சேர்த்து 18,698 சூரிய மின்கலங்கள். விரித்த நிலையில் கலத்தின் அகலம் 20 மீட்டர். பூமிக்கு அருகே இந்த இறக்கைகள் 14,000 வாட் மின்சாரம் தரக்கூடியவை. வியாழனின் அருகே? ஏறத்தாழ 500 வாட்!

500 வாட் என்றால் எவ்வளவு? நம் வீட்டுச் சமையலறையிலே சட்னி அரைக்கிற மிக்சி ஓடுவதற்கு வேண்டிய மின்சாரம், அவ்வளவே. அதிலும் ஒரு நல்ல பங்கு, கருவிகள் குளிரில் விறைத்துப் போகாமல் சூடு காட்டுவதற்கே செலவாகிவிடும். மிச்சத்தில்தான் காந்தத்தை அளக்க வேண்டும். மேகத்தை ஊடுருவிப் பார்க்க வேண்டும். கண்டதைப் பூமிக்குச் சொல்ல வேண்டும்.

மாதச் சம்பளம் எண்ணூறு ரூபாயாக இருந்த காலத்தில் ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய்மார்களைக் கேட்டால், இந்தக் கணக்கு அவர்களுக்குப் புரியும். எது முதலில், எது பிறகு, எதை இன்றைக்குத் தள்ளிப்போடலாம் என்று தெரிந்தவர்களால்தான் குறைந்த வரவில் நிறைந்த குடித்தனம் நடத்த முடியும். ஜூனோவும் அப்படித்தான். குறைந்த மின்சாரத்தில் ஓடக்கூடிய கருவிகள். இறக்கைகளை எந்நேரமும் சூரியனை நோக்கியே வைத்திருக்கும் பாதை. பம்பரம்போல் சுழன்று தன் நிலையைத் தானே காத்துக்கொள்ளும் அமைப்பு. வரவு சிறிது என்பதற்காக வேலையைக் குறைக்கவில்லை. வீண் செலவைக் குறைத்தார்கள்!

அடுத்த ஆபத்து, கதிர்வீச்சு. வியாழனைச் சூழ்ந்து மின்துகள்கள் அசுர வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கின்றன. கம்ப்யூட்டரின் மூளையை அவை துளைத்தெடுத்துவிடும். அதற்காக, மூளைபோன்ற பாகங்களையெல்லாம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள டைட்டானியச் சுவர்களால் ஆன பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டி மட்டும் போதாது என்று, கதிர்வீச்சு மிகுந்த பகுதியை இயன்றவரை ஒதுக்கிவிட்டு, வியாழனின் வட துருவம் வழியாக உள்ளே நுழைந்து தென் துருவம் வழியாக வெளியேறும் நீள்வட்டப் பாதையையும் வகுத்தார்கள். கவசமும் வேண்டும், காலடி வைக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும்!

பூமியிலிருந்து வந்த 'ஹாய்'

ராக்கெட்டின் வலிமை மட்டும் வியாழன்வரை தள்ளிவிடப் போதவில்லை. ஆகவே, இரண்டு ஆண்டுகள் சூரியனைச் சுற்றிவிட்டு, 2013 அக்டோபர் 9 அன்று ஜூனோ மீண்டும் பூமிக்கு அருகே வந்தது. 559 கிலோ மீட்டர் உயரத்தில் பூமியை உரசிக்கொண்டு போகிற போக்கில், பூமியின் ஈர்ப்பு விசையிலிருந்து நொடிக்கு 7 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டது.

அன்று ஒரு சுவையான நிகழ்ச்சி. உலகெங்குமுள்ள பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள், தங்கள் வீட்டுக் கருவிகளின் முன் அமர்ந்து, தந்தி ஊழியர்கள் அறிந்த அதே மோர்ஸ் குறியில், 'ஹாய்' என்ற ஒரே ஒரு சொல்லை ஒரே நேரத்தில் மெல்ல மெல்ல அனுப்பினார்கள். தனி ஒருவர் அனுப்பியிருந்தால் ஜூனோவுக்குக் கேட்டிருக்காது. ஆயிரக்கணக்கானோர் நேரம் தவறாமல் சேர்ந்து அனுப்பினார்கள். ஜூனோவின் கருவியிலே அது பதிவாயிற்று! ஒன்றுபட்ட குரலுக்கு எவ்வளவு தூரம் எட்டும் வலிமை உண்டு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

2016 ஜூலை 4. வியாழனின் பிடிக்குள் கலம் சிக்க வேண்டுமானால், தன் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அதற்காக 35 நிமிடம் இயந்திரம் எரிய வேண்டும். எரியும்போது இறக்கைகள் சூரியனை விட்டு விலகும். அதுவரை பாட்டரிதான் துணை. குறைவாக எரிந்தால் கலம் வியாழனைத் தாண்டி எங்கோ போய்விடும். அங்கிருந்து ஒரு சேதி பூமிக்கு வர 48 நிமிடம் ஆகும். அதாவது, "எரியத் தொடங்கிவிட்டது" எனும் சேதி இங்கே வந்து சேருமுன், அங்கே எரிந்தே முடிந்திருக்கும்! இங்கிருந்து ஏவி நடத்த வழியில்லை; முன்கூட்டியே செய்த ஏற்பாடு சரியாக இருந்தால் வெற்றி, இல்லையேல் ஐந்தாண்டுப் பயணம் வீண். ஏற்பாடு சரியாக இருந்தது. கலம் வியாழனைச் சுற்றத் தொடங்கிற்று.

மக்கர் செய்த வால்வு

தொடங்கிய சில மாதங்களிலேயே ஒரு சிக்கல். முதலில் 53 நாளைக்கு ஒரு சுற்று. பிறகு இயந்திரத்தை மீண்டும் எரித்து, 14 நாளைக்கு ஒரு சுற்று என்று மாற்றிக்கொள்வது, இதுதான் திட்டம். 2016 அக்டோபரில் அதற்கு ஆயத்தம் செய்தபோது, சில நொடிகளில் திறக்க வேண்டிய இரண்டு ஹீலியம் வால்வுகள் பல நிமிடம் எடுத்துக்கொண்டன.

பிட்டர் வேலை செய்யும் தோழர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். வால்வு மக்கர் செய்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கழற்றிப் பார்க்கலாம், துடைத்துப் போடலாம், வேறொன்று மாட்டலாம். கோடிக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பால் என்ன செய்வது?

"துணிந்து எரிப்போம், ஆனது ஆகட்டும்" என்று எவரும் வீரம் பேசவில்லை. கலந்து பேசினார்கள், கணக்குப் போட்டார்கள். 2017 பிப்ரவரியில் முடிவெடுத்தார்கள்: எரிக்க வேண்டாம், 53 நாள் சுற்றிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் வியாழனை ஒட்டி வருகின்ற சில மணி நேரந்தான் உண்மையான வேலை நேரம். அந்த வேலை கெடவில்லை. அடுத்த முறைக்குக் காத்திருக்கும் காலந்தான் நீண்டது. வேகம் குறைந்தது, இலட்சியம் குறையவில்லை! அவசரக்காரன் இழந்திருப்பான், பொறுமையுள்ளவன் காப்பாற்றினான்.

நிழலைத் தாண்டிய கதை

ஆனால், 2018இல் முடிந்திருக்க வேண்டிய பணி இப்படி நீண்டதனால், புதியதோர் ஆபத்து வழியிலே வந்து நின்றது. அதுதான் நிழல்.

2019 நவம்பர் 3 அன்று கலம் போகவிருந்த பாதை, வியாழனின் நிழலுக்குள்ளே நுழைந்தது. ஒரு நிமிடமல்ல, இரண்டு நிமிடமல்ல, ஏறத்தாழ 12 மணி நேரம் இருட்டு! அணுவால் ஓடும் கலமாக இருந்தால் கவலையில்லை. ஜூனோவோ ஆதவனை நம்பிப் பிறந்தது. ஒளி போனால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் சூடு போகும், பாட்டரி வற்றும், கருவிகள் குளிரில் உறைந்து சாகும். விடிந்த பிறகு விழித்தெழும் என்ற நம்பிக்கை இல்லை.

"பார்த்தீர்களா, அன்றே சொன்னோமே, சூரியனை நம்பலாமா?" என்று கேலி பேசுவதற்கு ஏற்ற நேரம்! ஆனால், பாதையைக் கணிக்கும் வேலையிலே இருந்தவர்கள் ஒரு வழி சொன்னார்கள். பெரிய இயந்திரத்தைத் தொட முடியாது, வால்வு நம்பத்தக்கதல்ல. சிறு சிறு உந்திகள் இருக்கின்றனவே, கலத்தின் திசையைத் திருத்துவதற்கென்று வைத்தவை, அவற்றைக் கொண்டு தள்ளினால் என்ன? முன்கூட்டியே, வியாழனிலிருந்து வெகு தொலைவில் இருக்கும்போதே சிறிது தள்ளிவிட்டால், அருகே வரும்போது நிழலின் ஓரமாகக் கடந்துவிடலாமே!

2019 செப்டம்பர் 30 அன்று தொடங்கினார்கள். பத்தரை மணி நேரம் அந்தச் சின்னஞ்சிறு உந்திகள் இடைவிடாமல் வேலை செய்தன. அதற்குமுன் எப்போதும் அவை அவ்வளவு நேரம் உழைத்ததில்லை. முந்தைய அளவைப்போல் ஐந்து மடங்கு நேரம்! செலவான எரிபொருள் 73 கிலோ. கிடைத்த வேக மாற்றம் மணிக்கு 203 கிலோ மீட்டர். வியாழனை நெருங்கும்போது மணிக்கு 2 லட்சம் கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும் கலத்துக்கு அது ஒரு சிறு தட்டல்தான். ஆனால், காலமறிந்து தட்டிய தட்டல்! கலம் நிழலைத் தாண்டியது. வெளிச்சத்திலேயே வியாழனைச் சுற்றி வந்தது.

தப்பித்ததோடு சும்மா வந்ததா? அதே நவம்பர் 3 அன்று, தென் துருவத்திலே அதுவரை இல்லாத ஒரு புதிய சூறாவளி பிறந்திருப்பதைக் கண்டுபிடித்தது! சாவு வர வேண்டிய நாளிலே ஒரு பிறப்பைப் பதிவு செய்து அனுப்பியது.

கண்டது என்ன?

வட துருவத்தின் நடுவிலே ஒரு சூறாவளி. அதைச் சூழ்ந்து எட்டுச் சூறாவளிகள். தென் துருவத்தின் நடுவிலே ஒன்று. அதைச் சூழ்ந்து ஐந்து. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் அகலம். கோலம் போட்டதுபோல் ஒழுங்காக, ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன. 2018இல் இந்தச் சேதி வெளிவந்தபோது அறிஞர்களே வியந்தார்கள்.

வியாழனின் மேலே பட்டை பட்டையாகத் தெரியும் காற்றோட்டங்கள் மேல்தோல் மட்டுமா, உள்ளேயும் போகின்றனவா என்பது நெடுநாள் வழக்கு. ஏறத்தாழ 3,000 கிலோ மீட்டர் ஆழம்வரை போகின்றன என்று ஜூனோ தீர்ப்பளித்தது. புகழ்பெற்ற பெருஞ்சிவப்புப் புள்ளி எனும் புயல் 300 முதல் 500 கிலோ மீட்டர் வரை ஆழமுள்ளது என்று 2021இல் தெரிந்தது. காந்த ஆற்றல், பூமியில் மிக வலுவாக இருக்கும் இடத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. அதுவும் சீராக இல்லாமல் ஓரிடத்தில் மிகுந்தும் மற்றோரிடத்தில் குறைந்தும் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே என்ன? கெட்டியான ஒரு பாறைக் கரு இருக்கும் என்றனர் ஒரு சாரார். கருவே இல்லை என்றனர் மற்றொரு சாரார். கலத்தை வியாழன் எந்த இடத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதை, அது அனுப்பும் வானொலி அலையின் சிறு சிறு மாற்றங்களைக் கொண்டு அளந்தார்கள். விளைவு? இருவரும் சொன்னதுபோல் இல்லை! கரு உண்டு, ஆனால் கெட்டியாக இல்லை. உப்புக் கட்டி தண்ணீரில் கரைவதுபோல் கரைந்து, கோளின் பாதி ஆரம்வரையில் பரவிக் கிடக்கிறது. பழைய ஏடுகள் சொன்னது ஒன்று. அளந்து பார்த்தது வேறு. அளந்து பார்த்ததையே ஏற்றார்கள். அதுதான் விஞ்ஞானம்!

தண்ணீர்க் கணக்கும் அப்படியே. 1995இல் கலிலியோ கலம் இறக்கிய கருவி, எதிர்பார்த்ததைவிட வறண்ட இடத்திலே விழுந்து, தண்ணீர் மிகக் குறைவு என்றது. 2020இல் ஜூனோவின் கணக்கு வந்தது: நடுக்கோட்டுப் பகுதியிலே காற்றின் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 0.25 சதவிகிதம் தண்ணீர். ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஊர் முழுவதையும் எடைபோடக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

2021 ஜூனில் கனிமீடு, 2022 செப்டம்பரில் யூரோப்பா, 2023 டிசம்பர் இறுதியிலும் 2024 பிப்ரவரியிலும் எரிமலைகள் கக்கும் அயோ என்று, கலிலியோ கண்ட நிலவுகளில் மூன்றின் அருகிலும் சென்று வந்தது ஜூனோ.

காமிராவின் கதையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. முக்கிய ஆராய்ச்சிக்கென்று வைத்ததல்ல அது. பொதுமக்கள் பார்க்கட்டும் என்று வைத்தது. கதிர்வீச்சில் எட்டுச் சுற்றுவரை தாங்கினால் போதும் என்று எண்ணினார்கள். ஐம்பது சுற்றுக்கும் மேல் உழைத்தது! 56ஆம் சுற்றில், 2023 இறுதியில், படங்களெல்லாம் கோடும் புள்ளியுமாகக் கெட்டுப்போயின. அயோவை நெருங்கும் நாளோ வந்துகொண்டிருந்தது. என்ன செய்தார்கள்? உலோகத்தைக் காய்ச்சி ஆறவிட்டுப் பதப்படுத்தும் கொல்லுப் பட்டறை முறைதான்! காமிராவின் சூடேற்றியை வழக்கத்துக்கு மேல் எரியவிட்டார்கள், பிறகு ஆறவிட்டார்கள். அயோவை அடையச் சில நாட்கள் இருக்கையில் காமிராவின் கண் தெளிந்தது. எரிமலைகளின் படம் கிடைத்தது.

அந்தப் படங்கள் யாருக்குச் சொந்தம்? பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. வந்தது வந்தபடியே உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அலுவலகம் முடிந்து வந்து, இரவில் கண் விழித்து, அந்தப் படங்களுக்கு வண்ணம் தெளிவித்துக் கொடுத்த பொதுமக்கள் பல நாடுகளிலும் உண்டு. நாம் வியந்து பார்த்த வியாழன் படங்கள் பல, அவர்களுடைய கைவண்ணமே!

பசிக்கு என்ன பதில்?

"ஏழை வயிறு காய்கையில் வியாழன் வேண்டியதா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் அதை ஒதுக்கித் தள்ளமாட்டோம்.

கணக்கைப் பார்ப்போம். ஜூனோவின் முதற்கட்டத் திட்டம் முழுமைக்கும் ஆன செலவு ஏறத்தாழ 110 கோடி டாலர். சிறு தொகையல்ல. ஆனால், ஜூனோ வியாழனை அடைந்த 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இராணுவச் செலவு ஏறத்தாழ 60,000 கோடி டாலர். 365ஆல் வகுத்துப் பாருங்கள், நாள் ஒன்றுக்கு 160 கோடிக்கும் மேல்! ஆண்டுக்கணக்கில் வானத்தை அளந்த ஒரு கலத்தின் முழுச் செலவு, துப்பாக்கிக்கும் குண்டுக்கும் ஆகும் ஒரு நாள் செலவுக்கும் குறைவு. ஏழையின் சோற்றைப் பறித்தது எது, தொலைநோக்கியா, துப்பாக்கியா? பசியைக் காட்டி அறிவை நிறுத்தச் சொல்பவர்கள், அந்தப் பசியைக் காட்டி ஆயுதத்தை நிறுத்தச் சொல்லக் காணோமே!

2025 மே மாதத்தில், அமெரிக்க அரசு 2026ஆம் நிதியாண்டுக்கென முன்வைத்த திட்டம், நாசாவின் விஞ்ஞானப் பணிகளுக்கான பணத்தை ஏறத்தாழ பாதியாக வெட்டச் சொல்லிற்று. நிறுத்திவிடலாம் என்று குறித்த கலங்களின் பட்டியலிலே ஜூனோவின் பெயரும் இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில், அந்நாட்டு நாடாளுமன்ற இரு அவைகளின் நிதிக் குழுக்களும் அவ்வளவு பெரிய வெட்டை ஏற்கவில்லை. கேள்வி எழுப்பியவர்கள் இருந்தார்கள் என்பது ஆறுதல். ஆனாலும், அந்த யோசனை பிறந்ததே கவனிக்கத்தக்கது.

கட்டுவதற்கும் ஏவுவதற்கும் ஆன பெருஞ்செலவு செய்து முடிந்தாயிற்று. ஓட்டுவதற்கு ஆவது அதிலே சிறு பங்கு. கிணறு வெட்டி, தண்ணீரும் கண்ட பிறகு, கயிறு வாங்கக் காசில்லை என்று கிணற்றை மூடுவாருண்டா? தேய்ந்து, செயலற்று, காலம் முடிந்து நிற்கும் இயந்திரத்தை நிறுத்துவது முறை. ஜூனோவின் பணிக்கு 2025 செப்டம்பர் வரை என்று முன்பே கெடு நீட்டியிருந்தார்கள். என்றேனும் ஒரு நாள் எந்தக் கலமும் ஓயத்தான் வேண்டும். ஆனால், எப்போது ஓய்வது என்பதை இயந்திரத்தின் நிலையும் விஞ்ஞானத்தின் தேவையும் தீர்மானிக்க வேண்டும். பொதுமக்கள் பணத்தில் பிறந்த கருவியை, பொதுமக்களுக்குப் பயன் தந்துகொண்டிருக்கும்போதே ஒரு பேனாக் கோட்டினால் அடித்துவிட எவருக்கும் உரிமை இருத்தல் ஆகாது. இது வானத்துக் கலத்துக்கு மட்டுமா? ஓடுகிற ஆலையை மூடத் துடிப்பவர்களைக் கண்டிருக்கும் நமக்கு, இதிலே விளக்கம் தேவையில்லை.

ஜூனோ போட்ட பாதை வீண் போகவில்லை. ஐரோப்பிய நாடுகள் 2023 ஏப்ரலில் அனுப்பிய ஜூஸ் கலம், நாசா 2024 அக்டோபரில் அனுப்பிய யூரோப்பா கிளிப்பர் ஆகிய இரண்டும் வியாழனை நோக்கியே புறப்பட்டன. இரண்டுக்கும் மின்சாரம் தருவது எது? அணுவல்ல, ஆதவன்! "அங்கே சூரியன் உதவாது" எனும் பேச்சு அடங்கிவிட்டது. வாதத்தால் அடக்கவில்லை, செய்து காட்டி அடக்கினார்கள்.

வரவு குறைவு என்று வருந்துவோர், இருபத்தைந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் நடந்த வேலையை எண்ணிப் பார்க்கட்டும். வால்வு கெட்டபோது பொறுமை, நிழல் வந்தபோது முன்யோசனை, கண் மங்கியபோது பட்டறை அறிவு! இம்மூன்றும் ஆகாயத்திலிருந்து விழுந்தவையல்ல. கூடி உட்கார்ந்து கணக்குப் போட்ட மனிதர்களின் உழைப்பு. அந்த உழைப்புக்குக் கணக்குப் புத்தகம் தலைவணங்க வேண்டுமே தவிர, கணக்குப் புத்தகத்தின் முன் அந்த உழைப்பு மண்டியிடக் கூடாது. மண்டியிட வைத்த காலம் கலிலியோவோடு போகட்டும்!